திறமை மட்டும் திறந்த கதவா? லியோன்டீன் ப்ரைஸின் குரலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகளும்

"திறமை இருந்தால் போதும், யாராலும் தடுக்க முடியாது." நம் பிள்ளைகள் இந்த வாக்கியத்தைக் கேட்காத நாள் இல்லை. பள்ளி ஆண்டுவிழா மேடையில் சொல்கிறார்கள். இடஒதுக்கீடு பற்றிய தொலைக்காட்சி விவாதத்தில் சொல்கிறார்கள். வேலை கிடைக்காமல் திரும்பும் இளைஞனிடம் ஆறுதல் போலச் சொல்கிறார்கள். ஆனால் அது ஆறுதல் இல்லை, குற்றச்சாட்டு. திறமை இருந்தால் போதும் என்றால், வராதவனுக்குத் திறமை இல்லை என்று பொருள். சாதி அந்த வாக்கியத்திலிருந்து சத்தமில்லாமல் வெளியேறிவிடுகிறது.

இப்படிச் சொல்பவர்கள் எப்போதும் ஓர் எடுத்துக்காட்டைக் கையில் வைத்திருப்பார்கள். அடித்தட்டிலிருந்து உச்சிக்குப் போன ஒருவர். "அவரால் முடிந்ததே, உங்களால் ஏன் முடியவில்லை?" உலக இசையில் அப்படி அடிக்கடி காட்டப்படும் பெயர்களில் ஒன்று லியோன்டீன் ப்ரைஸ். அமெரிக்கக் கறுப்பினத்தில் பிறந்து, ஓபரா மேடையின் அரசியாக ஆன சொப்ரானோ பாடகி. பெண் குரல்களில் உச்சஸ்தாயியில் இயங்கும் குரலைத்தான் அங்கே சொப்ரானோ என்கிறார்கள். அவர் பாடிய இசை நம்மில் பலருக்குப் பழக்கமில்லாதது. ஆனால் அவர் கடந்துவந்த கதவுகள் நமக்கு நன்றாகத் தெரிந்தவை. அதனால்தான் இந்தப் பக்கத்தில் அவரைப் பற்றி எழுதுகிறோம்.

லாரல் ஊரில் ஒரு பியானோ

1927 பிப்ரவரி 10 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் லாரல் என்ற ஊரில் ப்ரைஸ் பிறந்தார். அப்பா மரம் அறுக்கும் ஆலையில் தொழிலாளி. அம்மா பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி, தேவாலயப் பாடகர் குழுவில் நன்றாகப் பாடுபவர். பள்ளி, பேருந்து, மருத்துவமனை, கழிப்பறை எல்லாவற்றிலும் வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று என்று சட்டமே பிரித்து வைத்திருந்த மாநிலம் அது. நம் ஊர்களில் ஊரும் சேரியும் போல.

ப்ரைஸுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, வீட்டில் இருந்த கிராமபோன் பெட்டியைக் கொடுத்து, அதையே முன்பணமாக்கி, ஒரு பியானோவை வாங்கினார்கள் பெற்றோர். ஆலைத் தொழிலாளியின் வீட்டில் பியானோ! வாழ்க்கை வரலாறுகளில் இது ஒரு வரியாகக் கடந்துபோகும். சமூகவியல் படித்தவர்கள் 'பண்பாட்டு மூலதனம்' என்று ஒரு சொல்லைப் பயன்படுத்துவார்கள். பியர் பூர்தியு தந்த சொல் அது. மேல்தட்டு வீட்டுக் குழந்தைக்குப் புத்தக அலமாரியும் இசைக் கருவியும் பேச்சு நடையும் காற்றைப் போல வீட்டிலேயே கிடைத்துவிடுகின்றன. அதையே ஒரு தொழிலாளிக் குடும்பம் பெற வேண்டுமானால், கையில் இருக்கும் இன்னொரு மகிழ்ச்சியை விற்க வேண்டும். நகையை அடகு வைத்துக் கல்லூரிக் கட்டணம் கட்டும் நம் தாய்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லாரலில் சிஸம் என்ற வசதியான வெள்ளைக் குடும்பம் இருந்தது. ப்ரைஸின் அத்தை அந்த வீட்டில் வேலைசெய்தார். அங்கே போய்வந்த சிறுமியின் பாட்டைக் கேட்ட அந்தக் குடும்பம் அவரை ஊக்குவித்தது, பின்னர் படிப்புக்கும் உதவியது. ப்ரைஸ் அதை நன்றியோடு சொல்லிவந்தார். அந்த நன்றியை நாம் மதிக்கிறோம். ஆனால் அவருடைய கதையைச் சொல்பவர்கள் பலர் அந்த வீட்டிலிருந்தே கதையைத் தொடங்குகிறார்கள் என்பதையும் கவனிக்கிறோம். கொடுத்த கை பெரிதாகத் தெரிகிறது. ஒவ்வொரு பிரசவமாகப் பார்த்துப் பிள்ளையை வளர்த்த அம்மாவின் கை மங்கிப்போகிறது. அந்தச் சிறுமி அந்த வீட்டுக்குள் எந்த வாசல் வழியாகப் போனாள், ஏன் அவளுடைய அத்தை அங்கே வேலைக்காரியாக இருந்தார் என்ற கேள்விகள் எழுவதே இல்லை. வள்ளல் குணத்தைப் புகழ்வது எளிது. வள்ளல் தேவைப்படும் நிலைமையைக் கேள்வி கேட்பது கடினம்.

வள்ளல்கள் மட்டும் அவரை வளர்க்கவில்லை. ஒகையோ மாநிலத்தில், 1856-இல் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட வில்பர்ஃபோர்சில் அவர் படித்தார். அதன் அரசு நிதியில் இயங்கிய பகுதி பின்னர் சென்ட்ரல் ஸ்டேட் என்ற தனி நிறுவனமாகப் பிரிந்தது. அங்கேதான் 1948-இல் பட்டம் பெற்றார். இசை ஆசிரியை ஆவதுதான் திட்டம். ஓபரா பாடகி ஆகலாம் என்று ஒரு மிசிசிப்பிக் கறுப்பினப் பெண் கனவுகாண அன்று காரணமே இல்லை. அந்தக் குரலை அடையாளம் கண்டு வழிமாற்றியது அந்தக் கல்லூரி. நியூயார்க்கின் ஜூலியர்டு இசைப்பள்ளிக்கு அவரை அனுப்பப் பணம் தேவைப்பட்டபோது, அன்றைய மாபெரும் கறுப்பினப் பாடகர் பால் ராப்சன் அவருக்காக ஒரு நிதிக் கச்சேரி பாடிக் கொடுத்தார். ஜூலியர்டில் உதவித்தொகையோடு சேர்ந்து, ஃபுளோரன்ஸ் பேஜ் கிம்பால் என்ற ஆசிரியையிடம் குரலைப் பழக்கினார்.

கிராமபோனை விற்ற பெற்றோர், தேவாலயம், ஒடுக்கப்பட்டோருக்கான கல்லூரி, அரசுப் பணம், உதவித்தொகை, சமூகத்தின் மூத்த கலைஞர். இத்தனையும் சேர்ந்து ஒரு குரலைத் தூக்கி நிறுத்தியிருக்கின்றன. இதற்குப் பெயர் 'தனி மனிதத் திறமை' என்றால், நம் விடுதிகளையும் உதவித்தொகைகளையும் இடஒதுக்கீட்டையும் மட்டும் ஏன் 'சலுகை' என்கிறார்கள்?

குரல் அன்றும் இருந்தது

திறமைதான் கதவைத் திறக்கும் என்றால், ப்ரைஸுக்கு முன்னே வந்தவர்களுக்குத் திறமை இல்லையா?

எலிசபெத் டெய்லர் கிரீன்ஃபீல்டு. ப்ரைஸ் பிறந்த அதே மிசிசிப்பியில், நாச்செஸ் ஊரில், அடிமையாகப் பிறந்தவர். 1853-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஹால் என்ற அரங்கில் பாடினார். பாடகி கறுப்பினத்தவர், ஆனால் அந்த அரங்குக்குள் கறுப்பினப் பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை. தன் மக்களிடம் வருத்தம் தெரிவித்த கிரீன்ஃபீல்டு, அவர்களுக்காகத் தனியே ஒரு நிகழ்ச்சியும் நடத்தினார். அடுத்த ஆண்டு இலண்டனில் விக்டோரியா மகாராணியின் முன் பாடினார்.

அடுத்து சிசரெட்டா ஜோன்ஸ். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவரின் மகள். 1892-இல் வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் முன் பாடியவர். புகழ்பெற்ற இத்தாலியப் பாடகியின் பெயரோடு நிறத்தை ஒட்டி, 'கறுப்பு பட்டி' என்று பத்திரிகைகள் அவருக்குப் பட்டம் கொடுத்தன. அந்தப் பட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்காவின் எந்தப் பெரிய ஓபரா நிறுவனமும் அவரை மேடையேற்றவில்லை. நகைச்சுவையும் ஆட்டமும் கலந்த ஒரு சுற்றுலாக் குழுவைத் தலைமையேற்று நடத்தி, அதன் நிகழ்ச்சிக்குள்ளேயே ஓபராப் பாடல்களைப் பாடிவந்தார். 1933-இல் வறுமையில் இறந்தார். அவருடைய கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் வந்தது 2018-இல்.

மரியன் ஆண்டர்சனை ஓரளவு எல்லோருக்கும் தெரியும். காண்ட்ரால்டோ எனப்படும் ஆழமான பெண் குரல் அவருடையது. 1939-இல் வாஷிங்டனின் கான்ஸ்டிட்யூஷன் ஹாலில் பாட அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. அந்த அரங்கை வைத்திருந்த 'அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்' என்ற அமைப்பிலிருந்து எலினோர் ரூஸ்வெல்ட் விலகினார். ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறன்று, லிங்கன் நினைவிடத்தின் படிகளில் நின்று 75,000 பேர் முன் ஆண்டர்சன் பாடினார். சிறுமியாக ப்ரைஸ் நேரில் கேட்டு, பாடகியாக வேண்டும் என்று மனதில் விதைபோட்டுக்கொண்டது ஆண்டர்சனின் கச்சேரியில்தான். அமெரிக்காவின் தலைமை ஓபரா அரங்கமான நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா, ஆண்டர்சனை மேடையேற்றியது 1955 ஜனவரி 7 அன்று. அப்போது அவருக்கு 57 வயது. குரல் தன் உச்சத்தைக் கடந்திருந்தது.

'மெட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த அரங்கம் 1883-இல் திறக்கப்பட்டது. 1955 வரை 72 ஆண்டுகள், ஒரு கறுப்பினத் தனிப் பாடகர்கூட அதன் மேடையில் ஒரு பாத்திரமேற்றுப் பாடவில்லை. 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அண்ணல் அம்பேத்கர் படித்துக்கொண்டிருந்தபோதும் அதே நகரத்தில் அந்தக் கதவு மூடியே இருந்தது. 72 ஆண்டுகளாக ஓர் இனம் முழுவதற்கும் பாட வரவில்லை என்று யாராவது சொல்வார்களா?

பிறகு 1955-இல் மட்டும் ஏன் திறந்தது? பள்ளிகளில் நிறப்பிரிவினை சட்டத்துக்குப் புறம்பானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954 மே 17 அன்று. எட்டு மாதங்களுக்குள் ஆண்டர்சன் மேடையேறினார். அந்த ஆண்டின் இறுதியில் மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. இன்னொரு பக்கம், சோவியத் ஒன்றியத்தோடு பனிப்போர் நடத்திக்கொண்டிருந்த அமெரிக்காவுக்கு, உலகத்தின் முன் நிறவெறி நாடாகக் காட்சியளிப்பது அவமானமாக இருந்தது. ஆக, மெட்டின் நிர்வாகி ருடால்ஃப் பிங்கின் துணிச்சலுக்கு உரிய மதிப்பைக் கொடுத்தாலும், அவர் கை வைத்த கதவை வெளியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஏற்கெனவே தள்ளிக்கொண்டிருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. குரல் அன்றும் இருந்தது. மாறியது நாடு. நாட்டை மாற்றியது போராட்டம்.

எந்தப் பாத்திரத்தில் உள்ளே வருவது?

கதவு திறந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. எந்த வேடத்தில் உள்ளே அழைக்கிறார்கள்?

ஆண்டர்சனுக்குக் கிடைத்த முதல் பாத்திரம் உல்ரிகா, குறி சொல்லும் சூனியக்காரி. கதையிலேயே கறுப்பினத்தவளாகக் குறிப்பிடப்படுபவள். அதே மாதம் மேடையேறிய ராபர்ட் மெக்ஃபெரினுக்குக் கிடைத்தது, வெர்டியின் 'அய்தா'வில் போரில் தோற்ற எத்தியோப்பிய அரசன் வேடம். 1956-இல் மேட்டிவில்டா டாப்ஸ் 'ரிகோலெத்தோ'வின் நாயகியாகப் பாடி அந்த வரிசையை உடைத்தார். ஆனாலும் கறுப்பினக் குரல் என்றதும் கை தானாகப் போய்த் தேடும் பட்டியல் ஒன்று இருந்தது. அதன் உச்சியில் இருந்தது அய்தா: எகிப்தில் அடிமையாக இருக்கும் எத்தியோப்பிய இளவரசி.

ப்ரைஸுக்கும் அந்தப் பட்டியல் பழக்கமானதுதான். 1952-இல் கெர்ஷ்வினின் 'போர்கி அண்ட் பெஸ்' நாடகத்தில் பெஸ் வேடத்தில் புகழ்பெற்றார். தெற்கு மாநிலச் சேரி ஒன்றின் கதை அது, வெள்ளையர்கள் எழுதியது. சூதாட்டம், போதை, கொலை என்று அதில் காட்டப்பட்ட கறுப்பின வாழ்க்கையைப் பல கறுப்பினச் சிந்தனையாளர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆதரவோடு அந்தக் குழு வியன்னா, பெர்லின், இலண்டன், பாரிஸ் என்று சுற்றியது. அதே வெளியுறவுத் துறைதான் 1950-இல் பால் ராப்சனின் கடவுச்சீட்டைப் பறித்து, 1958 வரை அவரை நாட்டைவிட்டு வெளியே போகவிடாமல் வைத்திருந்தது. ப்ரைஸின் படிப்புக்குப் பாடிப் பணம் சேர்த்த அதே ராப்சனை! பாடும் கறுப்பினத்தவரை உலகுக்குக் காட்டு, பேசும் கறுப்பினத்தவரை உள்ளே பூட்டு. இந்தக் கொள்கை நமக்குப் புதிதில்லை. ஊர்த் திருவிழாவுக்குப் பறை வேண்டும், அடிப்பவர் கூலி உயர்வு கேட்டால் ஊர்க்கட்டுப்பாடு வரும்.

1958-இல் பிங், ப்ரைஸை மெட்டுக்கு அழைத்தார். பாட அழைத்தது அய்தாவை. ப்ரைஸ் அப்போது அய்தாவைப் பாடத் தெரியாதவர் இல்லை. அதே ஆண்டில் கராயன் நடத்த வியன்னாவில் அய்தா பாடினார், இலண்டன் கோவென்ட் கார்டனில் பாடினார், 1960-இல் வெர்டியின் சொந்த மண்ணிலேயே, மிலானின் லா ஸ்காலாவில் பாடினார். ஆனால் மெட்டின் அழைப்பை மட்டும் மறுத்துவிட்டார். அவரைத் தொலைக்காட்சி ஓபராவில் அறிமுகப்படுத்திய இசை நடத்துநர் பீட்டர் ஹெர்மன் ஆட்லர் முதலியோர் கொடுத்த அறிவுரை அது: தன் நாட்டின் தலைமை அரங்குக்குள் முதல் காலடி வைக்கும்போது அடிமை வேடத்தில் வைக்கக் கூடாது. அந்த ஆண்டில் குளோரியா டேவி மெட்டில் அய்தா பாடினார். ப்ரைஸ் காத்திருந்தார்.

மிசிசிப்பியில் பிறந்த, முப்பது வயதைத் தாண்டிய ஒரு பாடகி, உலகின் மிகப் பெரிய அரங்குகளில் ஒன்று அழைக்கும்போது 'இப்படி வரமாட்டேன்' என்று சொல்கிறார். இரண்டாவது அழைப்பு வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. நாம் இதைத் தன்மானம் என்றும் சுயமரியாதை என்றும் சொல்வோம். வாய்ப்பு வந்தால் போதும், எந்த வாசல் என்று பார்க்காதே என்று நமக்கும் சொல்லப்படுகிறது. வாசல் முக்கியம். முதல் நாள் எந்த வாசலில் நுழைகிறோமோ, அந்த வாசலிலேயே நம்மைக் காலமெல்லாம் நிறுத்திவைப்பார்கள்.

1961 ஜனவரி 27 அன்று மெட்டில் ப்ரைஸ் அடியெடுத்து வைத்தார். வெர்டியின் 'இல் த்ரோவத்தோரே'யில் லியோனோரா, ஸ்பெயின் அரண்மனையின் உயர்குடிப் பெண். எதிரே காதலனாக பிராங்கோ கொரெல்லி. அவருக்கும் அதுதான் மெட்டில் முதல் இரவு. நிகழ்ச்சி முடிந்தபின் கைதட்டல் அரை மணி நேரத்துக்கும் மேலாக ஓயவில்லை. மார்ச்சில் டைம் இதழின் அட்டையில் அவர் முகம் வந்தது. அக்டோபரில் புச்சினியின் 'லா ஃபன்சியுல்லா டெல் வெஸ்ட்' நாயகியாக மெட்டின் புதிய பருவத்தைத் தொடங்கிவைத்தார். ஒரு பருவத்தின் தொடக்க இரவில் நாயகியாக நின்ற முதல் கறுப்பினப் பாடகி அவர்தான். அந்த ஓபராவின் இரண்டாவது நிகழ்ச்சியில் குரல் கம்மிப்போய், நடுவில் வசனம்போலக் கத்தி அங்கத்தை முடித்தார். கடைசி அங்கத்தை வேறொரு பாடகி வந்து பாட வேண்டியதாயிற்று. பாடகிகளுக்கு நேர்வதுதான். ஆனால் 'முதல் ஆள்' என்ற சுமையைத் தலையில் வைத்திருப்பவருக்குத் தொண்டை கட்டினால்கூட அது ஓர் இனத்தின் தோல்வியாகப் பேசப்படும் என்ற பயம் இருக்கும். வகுப்பில் ஒரே தலித் மாணவராக உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தப் பயத்தின் எடை தெரியும்.

மேடையில் காதல், மண்ணில் கொலை

லியோனோராவின் கதை காதல் கதை. கறுப்பினப் பெண்ணும் வெள்ளை ஆணும் மேடையில் காதலர்களாக நின்றார்கள். 1961-இல் மிசிசிப்பி உள்ளிட்ட பல மாநிலங்களில் அப்படி இருவர் திருமணம் செய்துகொண்டால் அது குற்றம். அந்தச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது 1967-இல்தான்.

ஆறு ஆண்டுகள் முன்பே இது வெடித்திருக்கிறது. 1955 ஜனவரியில் என்பிசி தொலைக்காட்சி புச்சினியின் 'தோஸ்கா'வை ஒளிபரப்பியது. நாயகி தோஸ்காவாக ப்ரைஸ், காதலனாக ஒரு வெள்ளைப் பாடகர். தெற்கு மாநிலங்களில் என்பிசியோடு இணைந்திருந்த பல நிலையங்கள் அதை ஒளிபரப்ப மறுத்தன. குரலில் அவர்களுக்குக் குறை இல்லை. கறுப்புக் கை வெள்ளைக் கையைத் தொடுவதுதான் குறை.

அதே 1955 ஆகஸ்டில், ப்ரைஸ் பிறந்த அதே மிசிசிப்பியில், எமெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்டான். கடையில் இருந்த ஒரு வெள்ளைப் பெண்ணிடம் வரம்புமீறினான் என்பது சொல்லப்பட்ட காரணம். முழுக்க வெள்ளையர்களே அமர்ந்திருந்த ஜூரி, குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் விடுதலை செய்தது. பிள்ளையின் சிதைந்த முகத்தை உலகம் பார்க்கட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார் அவனுடைய தாய்.

ஒரே ஆண்டு, ஒரே மண். ஒரு கறுப்பினப் பெண் தொலைக்காட்சியில் தோஸ்கா. ஒரு கறுப்பினச் சிறுவன் ஆற்றில் பிணம். ஒருவர் உச்சிக்குப் போனதை வைத்து 'நிலைமை மாறிவிட்டது' என்று சொல்வோர், இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். சாதி மறுத்துக் காதலித்ததற்காக ஆணவக் கொலை செய்யப்பட்ட நம் பிள்ளைகளின் பெயர்களைச் சுமந்துகொண்டிருக்கும் நமக்கு, எந்தப் பண்பாடும் கடைசியாகக் காவல்காக்கும் எல்லை எது என்று தெரியும். ஒன்றாகப் படிக்கலாம், ஒன்றாக வேலை பார்க்கலாம், பாட்டைக்கூட ரசிக்கலாம். காதலித்தால் கத்தி வரும்.

அவர் ஏன் ஊர்வலத்தில் இல்லை?

ப்ரைஸ் மீது நம்மைப் போன்ற இயக்கத்தவர்கள் வைக்கும் குறை ஒன்று உண்டு. ராப்சனைப் போல அவர் அரசை எதிர்த்துப் பேசவில்லை. போராட்டத்தின் முன்வரிசையில் நின்று கைதாகவில்லை. 1964-இல் குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கம், 1980-இல் கென்னடி மையத்தின் விருது, 1985-இல் தேசியக் கலைப் பதக்கம், அத்தோடு 13 கிராமி விருதுகள் என்று அமைப்பு அவரை மாலைகளால் மூடியது. அமைப்புக்கு வசதியான கறுப்பினத்தவர் அவர் என்பது அந்தக் குறை.

இந்தக் குறையை அப்படியே தள்ளிவிட முடியாது. அமைப்பு தனக்குப் பிடித்த முகங்களைத் தேர்ந்தெடுக்கும் என்பது உண்மை. ராப்சனுக்குக் கிடைத்தது கண்காணிப்பு, ப்ரைஸுக்குக் கிடைத்தது பதக்கம் என்பதும் உண்மை. ஆனால் அதற்காக ப்ரைஸைக் கூண்டில் ஏற்றுவது சரியில்லை என்று நினைக்கிறோம். ஆதிக்க சமூகத்தில் பிறந்த பாடகி பாடினால் மட்டும் போதும், ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவள் பாடவும் வேண்டும், போராடவும் வேண்டும், எப்போதும் சமூகத்தின் சார்பாகப் பேசவும் வேண்டும் என்பது இன்னொரு வகைச் சுமை. ஒரு தலித் கவிஞர் நிலாவைப் பற்றியும் எழுதலாம். அதுவும் உரிமைதான்.

தவிர, ப்ரைஸின் அரசியல் அவருடைய தேர்வுகளில் இருந்தது. பிந்தைய ஆண்டுகளில் ஓபராவைக் குறைத்துக்கொண்டு தனிக் கச்சேரிகளில் அதிகம் பாடினார். இத்தாலிய, ஜெர்மானிய, பிரெஞ்சுப் பாடல்களைப் பாடி, கச்சேரியின் முடிவில் 'ஸ்பிரிச்சுவல்ஸ்' எனப்படும் அடிமை மக்களின் பக்திப் பாடல்களைப் பாடுவார். பருத்திக் காட்டில் பிறந்த பாடல்கள் அவை. விடுதலைக்குப் பின் அடிமைகளின் பிள்ளைகளுக்காக உருவான ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் மாணவர் குழு 1871-இல் ஊர் ஊராகப் போய்ப் பாடி, கல்லூரிக்கு நிதி சேர்த்தபோதுதான் உலகம் அவற்றைக் கேட்டது. அந்தப் பாடல்களை ஷூபர்ட்டுக்கும் வெர்டிக்கும் பக்கத்தில், சமமான இருக்கையில் ப்ரைஸ் உட்காரவைத்தார். நம் ஒப்பாரியும் பறையும் 'நாட்டுப்புறக் கலை' என்ற தனிக் கொட்டகையில் நிறுத்தப்படும்போது, இந்தச் சமமான இருக்கையின் அருமை நமக்குப் புரிகிறது.

1982-இல், ஆண்டர்சனுக்கு மறுக்கப்பட்ட அதே கான்ஸ்டிட்யூஷன் ஹாலில், மறுத்த அதே அமைப்பின் மாநாட்டில், ஆண்டர்சனைப் பெருமைப்படுத்தும் கச்சேரியை ப்ரைஸ் பாடினார். 43 ஆண்டுகள் கழித்து. முழக்கமில்லை. ஆனால் யார் தோற்றார்கள் என்று அந்த அரங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

1985 ஜனவரி 3 அன்று மெட்டில் தன் கடைசி ஓபராவைப் பாடினார். அவர் தேர்ந்தெடுத்தது அய்தா. நுழையும்போது மறுத்த வேடத்தை விடைபெறும்போது தானே எடுத்து அணிந்துகொண்டார். அய்தா பாடும்போது தன் தோலே தனக்கு உடை என்ற பொருளில் அவர் பெருமையோடு சொல்லியிருக்கிறார். இரண்டும் முரண் இல்லை. திணிக்கும்போது அது இழிவு. நாமே எடுத்து ஏந்தும்போது அது அடையாளம். சாவு வீட்டில் அடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட பறையும், நம் இளைஞர்கள் போராட்ட மேடையில் தாங்களே எடுத்து அடிக்கும் பறையும் ஒரே கருவிதான். அடிப்பது யாருடைய விருப்பம் என்பதில்தான் எல்லா வேறுபாடும்.

'முதல்' என்ற சொல் யாருக்கு அவமானம்?

ப்ரைஸுக்குப் பிறகு மெட் மாறிவிட்டதா? மாறியது, மிக மெதுவாக. 'ஒத்தெல்லோ'வில் வெள்ளைப் பாடகருக்குக் கறுப்பு மை பூசும் வழக்கத்தை மெட் கைவிட்டது 2015-இல். ஒரு கறுப்பின இசையமைப்பாளரின் ஓபராவை முதன்முதலாக அரங்கேற்றியது 2021-இல். டெரன்ஸ் பிளான்சார்டின் அந்தப் படைப்பு மேடையேற, அரங்கம் திறந்து 138 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2022-இல் இத்தாலியின் வெரோனா அரங்கில் அய்தாவுக்காக வெள்ளைப் பாடகியின் முகத்தில் கறுப்பு பூசியதைக் கண்டித்து, கறுப்பின சொப்ரானோ ஏஞ்சல் ப்ளூ தான் அங்கே பாடவிருந்த நிகழ்ச்சியிலிருந்து விலகினார். கறுப்பு நிறம் வேண்டும், பூசிக்கொள்ள. கறுப்பின மனிதரின் மனக்குறை வேண்டாம்.

'முதல் கறுப்பினப் பெண்', 'முதல் தலித்' என்ற பட்டங்களை நாம் பெருமையோடு பகிர்கிறோம். பகிர்வோம், தவறில்லை. ஆனால் அந்தச் சொல் அந்த மனிதரை அளப்பதில்லை. எத்தனை காலம் கதவு பூட்டிக் கிடந்தது என்பதைத்தான் அளக்கிறது. அவமானம் பூட்டியவர்களுடையது.

1946-இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அனுப்பும் மனுவைப் பற்றி விசாரித்து, அவர்கள் நிலைக்கும் தீண்டப்படாதோர் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டிய கடிதம். டு பாய்ஸ் பதிலும் எழுதினார். அந்தக் கடிதத் தொடர்பின் வாரிசுகள் நாம். அவர்களுடைய வரலாற்றை நாம் படிப்பது பொழுதுபோக்குக்காக இல்லை.

ஆகவே, ப்ரைஸின் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். மாலைநேரப் பாடசாலைகளில் அந்தக் குரலைப் போட்டுக் காட்டுவோம். ஆனால் பாதிக் கதையைச் சொல்ல வேண்டாம். கைதட்டலைச் சொல்லும்போது விற்கப்பட்ட கிராமபோனையும் சொல்வோம். அவர் உதித்ததைச் சொல்லும்போது, பெயர் பொறித்த கல்லில்லாமல் 85 ஆண்டுகள் கிடந்த சிசரெட்டா ஜோன்ஸின் கல்லறையையும் சொல்வோம். அடுத்த முறை யாராவது "திறமை இருந்தால் போதும்" என்று சொன்னால், நம் பிள்ளைகள் தலைகுனியாமல் திருப்பிக் கேட்கட்டும்: "அப்படியானால், அந்த 72 ஆண்டுகள் உங்கள் காது எங்கே போயிருந்தது?"

ஜெய்பீம்.